உங்கள் வேலைப் பட்டியல் யாருடைய கணினியில் இருக்கிறது?

யட்டவத்தயில் எங்கள் வீட்டு அலுமாரியில் பழைய சீ.ஆர். கொப்பி ஒன்று இன்னும் இருக்கிறது. அப்பா மரணாதாரச் சங்கத்தின் செயலாளராக இருந்த காலத்தில் எழுதியது. யார் சந்தா கட்டவில்லை, எந்த வீட்டுக்குக் கதிரை அனுப்ப வேண்டும், கூடாரத்தைத் திருப்பி எடுக்க வேண்டிய திகதி என்ன என்றெல்லாம் அதில் இருக்கும். வேலை முடிந்ததும் ஒரு கோடு கிழிப்பார். இரவில் அலுமாரியில் வைத்துப் பூட்டுவார். அதில் பணம் எதுவும் இல்லை. ஆனால் யாருக்கு என்ன கஷ்டம் என்பது அதில் எழுதப்பட்டிருந்தது.

என்னுடைய பட்டியல் பல ஆண்டுகளாகக் கைபேசிச் செயலி ஒன்றில் இருந்தது. இலவசம், அழகாகவும் இருந்தது. ஒரு முறை சிம் அட்டையை மாற்றியபோது கணக்கு பூட்டிக்கொண்டது. உறுதிப்படுத்தும் இலக்கம் பழைய எண்ணுக்கே போய்க்கொண்டிருந்தது. மின்னஞ்சல்களுக்குத் தானியங்கிப் பதில்தான் வந்தது. பட்டியல் திரும்பக் கிடைப்பதற்குள், ஒரு அரச அலுவலகத்தின் மறுப்புக்கு எதிராக நான் மேன்முறையீடு செய்திருக்க வேண்டிய 14 நாட்கள் கடந்துவிட்டன. திகதி அந்தப் பட்டியலில் மட்டுமே இருந்தது. மூன்று மாத வேலையை மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டியிருந்தது.

அதன் பின்னர்தான் வேலைப் பட்டியலை வீட்டுக் கணினிக்குக் கொண்டுவந்தேன். அதை எப்படிச் செய்வது, அதில் என்ன கிடைக்கும், என்ன பொறுப்பு நம் தலையில் விழும் என்பதைச் சொல்வதே இந்தக் கட்டுரை. கணினித் துறையில் படித்திருக்கத் தேவையில்லை. ஒரு மென்பொருளைத் தரவிறக்கி நிறுவத் தெரிந்திருந்தால் போதும்.

ஏன் வீட்டில் வைக்க வேண்டும்?

முதலாவது காரணம், மற்றவரின் கடை எப்போது மூடப்படும் என்பது நம் கையில் இல்லை. ஜேர்மனியின் பேர்லின் நகரில் உருவான வுண்டர்லிஸ்ட் ஒரு காலத்தில் மிகப் பிரபலமான வேலைப் பட்டியல் செயலி. 2015ஆம் ஆண்டு மைக்ரோசொப்ட் நிறுவனம் அதை வாங்கியது. 2020 மே 6ஆம் திகதி அது மூடப்பட்டது. பயனாளர்கள் தங்கள் பட்டியலை மைக்ரோசொப்ட்டின் வேறொரு செயலிக்கு மாற்றிக்கொள்ள வழி தரப்பட்டது. ஆனால் மூடுவதா இல்லையா என்று அவர்களிடம் யாரும் கேட்கவில்லை.

இரண்டாவது காரணம், நம் நாட்டின் அனுபவம். 2018 மார்ச்சில் கண்டி மாவட்டத்தில் முஸ்லிம்களுக்கு எதிரான வன்முறை நடந்தபோது பேஸ்புக், வட்ஸ்அப், வைபர் ஆகியன முடக்கப்பட்டன. 2019 ஏப்ரலில் உயிர்த்த ஞாயிறுத் தாக்குதலுக்குப் பின்னர் மீண்டும் முடக்கப்பட்டன. 2022 ஏப்ரல் 3ஆம் திகதி, பொருளாதார நெருக்கடிக்கு எதிரான போராட்டங்களின் நடுவே, இன்னொரு முறை. சங்கங்களும் தொழிற்சங்கக் கிளைகளும் பாடசாலை அபிவிருத்திக் குழுக்களும் தங்கள் வேலைப் பட்டியலை வட்ஸ்அப் குழுவிலேயே வைத்திருக்கின்றன. அது முடங்கினால் செய்தி அனுப்ப முடியாதது ஒரு பிரச்சினை. யார் எதைச் செய்ய ஒப்புக்கொண்டார் என்ற பதிவும் கைநழுவிப் போவது இன்னொரு பிரச்சினை.

மூன்றாவது காரணம், பட்டியலில் இருப்பவர்கள். ஊடகவியலாளரின் பட்டியலில், பெயர் வெளியே வரக்கூடாது என்று கேட்டுக்கொண்ட தோட்டத் தொழிலாளி இருப்பார். கிராமச் சங்கத்தின் பட்டியலில் கடன் கட்ட முடியாத அம்மா இருப்பார். “நாளை இன்னாரை அழைக்க வேண்டும்” என்ற ஒரு வரியே போதும், ஒருவரைச் சிக்கலில் மாட்டிவிட. நம்மை நம்பியவர்களின் பெயர் எங்கே கிடக்கிறது என்று சொல்ல முடிவது நம் கடமையின் ஒரு பகுதி.

எதை நிறுவுவது?

இணைய உலாவியில் திறக்கக்கூடிய, ஆனால் நமது கணினியிலேயே இயங்கும் பணி ஒழுங்கமைப்பு மென்பொருட்கள் பல இலவசமாகக் கிடைக்கின்றன. அவற்றின் மூல நிரலும் திறந்தே இருக்கிறது. நான் பயன்படுத்துவது கான்போர்ட். ஆங்கிலத்தில் கே-ஏ-என்-பி-ஓ-ஏ-ஆர்-டி என்று தேடினால் கிடைக்கும். பிரெட்ரிக் கில்லோ என்ற நிரலாளர் 2014இல் தொடங்கியது.

பெயருக்குப் பின்னால் ஒரு கதை உண்டு. கன்பன் என்றால் ஜப்பானிய மொழியில் அறிவிப்புப் பலகை. டொயோட்டா தொழிற்சாலையில் எந்தப் பாகம் எப்போது தேவை என்பதை அட்டைகளால் தெரிவிக்கும் முறையை தாய்ச்சி ஓனோ என்ற பொறியியலாளர் வளர்த்தெடுத்தார். அந்த எண்ணம்தான் திரைக்கு வந்திருக்கிறது. ஒரு பலகை, அதில் சில நிரல்கள், ஒவ்வொரு வேலைக்கும் ஓர் அட்டை. வேலை நகர நகர அட்டையை அடுத்த நிரலுக்கு இழுத்துவிட வேண்டும்.

இதைத் தெரிவுசெய்ய எனக்கு இரண்டு காரணங்கள். ஒன்று, பழைய மடிக்கணினியிலும் ஓடும். மற்றது, எழுதுவதெல்லாம் ஒரே கோப்புறையில் சேமிக்கப்படும். அந்தக் கோப்புறையைப் பிரதி எடுத்தால் எல்லாம் பாதுகாப்பு. ஒரு விடயத்தைச் சொல்லியாக வேண்டும். கான்போர்ட் இப்போது பராமரிப்பு நிலையில் இருக்கிறது. பிழைகள் திருத்தப்படுகின்றன, பெரிய புதிய வசதிகளை எதிர்பார்க்க முடியாது. பலகை வேண்டாம், சாதாரணப் பட்டியலே போதும் என்பவர்கள் விகுன்யா என்ற மென்பொருளைப் பார்க்கலாம். நாட்காட்டி, கோப்புகள் எல்லாம் ஒரே இடத்தில் வேண்டுமென்றால் நெக்ஸ்ட்கிளவுட் இருக்கிறது. ஆனால் அதை நிறுவவும் பராமரிக்கவும் அதிக வேலை.

நிறுவும் முறை

விண்டோஸ் கணினிக்கான வழியைச் சொல்கிறேன். விண்டோஸ் 10க்கான மைக்ரோசொப்ட்டின் வழமையான ஆதரவு 2025 ஒக்டோபர் 14உடன் முடிந்துவிட்டது என்பதையும் நினைவில் வைத்திருங்கள். பாதுகாப்புத் திருத்தங்கள் வராத கணினியில் மற்றவர்களின் விபரங்களை வைப்பது சரியல்ல.

1. இணையப் பக்கங்களைப் பரிமாறும் அப்பாச்சியும், கான்போர்ட் எழுதப்பட்டுள்ள பிஎச்பி மொழியும் தேவை. இரண்டையும் ஒரே பொதியாகத் தருவது எக்ஸாம்ப். ஆங்கிலத்தில் எக்ஸ்-ஏ-எம்-பி-பி. அப்பாச்சி பிரண்ட்ஸ் தளத்திலிருந்து மட்டும் தரவிறக்குங்கள். பிஎச்பி 8.1 அல்லது அதற்கு மேற்பட்ட பதிப்பாக இருக்கட்டும்.

2. நிறுவும்போது சி டிரைவில் அது காட்டும் இடத்தையே ஏற்றுக்கொள்ளுங்கள். வேறு இடத்தில் வைத்தால் அனுமதிச் சிக்கல்கள் வரலாம்.

3. கான்போர்ட்டின் அண்மைய வெளியீட்டை கிட்ஹப் தளத்திலிருந்து ஸிப் கோப்பாக எடுங்கள். விரித்த கோப்புறைக்கு ஆங்கிலச் சிறிய எழுத்துகளில் கான்போர்ட் என்று பெயரிட்டு, எக்ஸாம்ப் கோப்புறைக்குள் இருக்கும் எச்டிடாக்ஸ் என்ற கோப்புறையில் போடுங்கள்.

4. எக்ஸாம்ப் கட்டுப்பாட்டுப் பலகையைத் திறந்து, அப்பாச்சிக்கு எதிரே உள்ள ஸ்டார்ட் பொத்தானை அழுத்துங்கள். பச்சையாக மாறினால் சரி. அதற்குக் கீழே உள்ள மைஎஸ்கியூஎல்லைத் தொடங்க வேண்டாம். கான்போர்ட் சாதாரணமாக எஸ்கியூலைட் என்ற ஒற்றைக் கோப்புத் தரவுத்தளத்தையே பயன்படுத்துகிறது.

5. உலாவியின் முகவரிப் பட்டையில் 127.0.0.1 என்று அடித்து, ஒரு சாய்கோடு இட்டு, கோப்புறையின் பெயரை எழுதுங்கள். அந்த இலக்கம் எந்தக் கணினியிலும் “நான்தான்” என்ற பொருளைத் தருவது. இணையம் இல்லாமலேயே பக்கம் திறக்கும்.

6. பக்கம் திறக்காமல், பிஎச்பி நீட்சி ஒன்று இல்லை என்ற தகவல் வரலாம். பெரும்பாலும் ஜீடி என்ற நீட்சியாக இருக்கும். கட்டுப்பாட்டுப் பலகையில் அப்பாச்சிக்கு எதிரே கொன்பிக் பொத்தானை அழுத்தி, பிஎச்பி டொட் ஐஎன்ஐ கோப்பைத் திறங்கள். ஜீடி நீட்சிக்கான வரியின் தொடக்கத்தில் ஓர் அரைப்புள்ளி இருக்கும். அதை அழித்து, சேமித்து, அப்பாச்சியை நிறுத்தி மீண்டும் தொடங்குங்கள். என்னுடைய ஒரு மாலைப் பொழுதை விழுங்கியது இந்த ஒரு அரைப்புள்ளிதான்.

7. உள்நுழையும் பக்கம் வந்ததும் பயனர் பெயர், கடவுச்சொல் இரண்டுக்கும் அட்மின் என்று ஆங்கிலச் சிறிய எழுத்துகளில் கொடுங்கள். உள்ளே போனதும் முதல் வேலை, அந்தக் கடவுச்சொல்லை மாற்றுவது. உலகம் முழுவதும் தெரிந்த கடவுச்சொல் அது.

8. அமைப்புகளில் நேர வலயத்தை ஏசியா, கொழும்பு என்று மாற்றுங்கள். இல்லாவிட்டால் நேரம் ஐந்தரை மணித்தியாலம் பிந்தியிருக்கும்.

9. கடைசியாக ஒரு சோதனை. முகவரியின் இறுதியில் ஒரு சாய்கோட்டுடன் டேட்டா என்ற கோப்புறைப் பெயரையும், இன்னொரு சாய்கோட்டுடன் அதற்குள் இருக்கும் தரவுத்தளக் கோப்பின் பெயரையும் சேர்த்துத் திறந்து பாருங்கள். அனுமதி மறுக்கப்பட வேண்டும். கோப்பு தரவிறங்கினால் அமைப்பில் ஏதோ பிழை. அதைச் சரிசெய்யும்வரை மற்றவர்களுக்குத் திறந்துவிடாதீர்கள்.

பொத்தான்கள் ஆங்கிலத்தில் இருந்தாலும், திட்டங்கள், நிரல்கள், வேலைகள், குறிப்புகள் எல்லாவற்றையும் தமிழில் எழுதலாம். யூனிகோட் தமிழ் எந்தச் சிக்கலும் இல்லாமல் வருகிறது.

ஓர் உதாரணம்: தகவல் கோரும் விண்ணப்பம்

வெறும் பலகையைப் பார்த்தால் என்ன செய்வதென்று தோன்றாது. எனவே எனக்கு அதிகம் பயன்பட்ட பலகையைச் சொல்கிறேன். தகவலுக்கான உரிமை பற்றிய 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் நாட்டின் பிரஜை எவரும் ஒரு பிரதேச செயலகத்திடமோ பிரதேச சபையிடமோ தகவல் கேட்கலாம். பலர் கேட்கவும் செய்கிறார்கள். தோற்றுப்போவது திகதிகளில்தான்.

கான்போர்ட் தானாகத் தரும் நான்கு நிரல்களின் பெயரை நான் மாற்றிவிட்டேன். “எழுத வேண்டியவை”, “அலுவலகத்தில்”, “மேன்முறையீட்டில்”, “முடிந்தவை”. ஒவ்வொரு விண்ணப்பத்துக்கும் ஓர் அட்டை. விண்ணப்பத்தின் ஸ்கேன் பிரதியும், பெற்றுக்கொண்டதற்கான பற்றுச்சீட்டும் அதில் இணைக்கப்பட்டிருக்கும். விண்ணப்பம் கையளித்த நாளிலிருந்து 14 வேலை நாட்களுக்குள் தகவல் உத்தியோகத்தர் தீர்மானிக்க வேண்டும். அந்த நாளை அட்டையின் இறுதித் திகதியாக இடுகிறேன். சனி, ஞாயிறு, போயா தினங்களைக் கழித்துக் கையால் எண்ண வேண்டும், மென்பொருள் அதைச் செய்யாது. மறுப்பு வந்தால் அட்டை மூன்றாவது நிரலுக்குப் போகும். குறித்தளிக்கப்பட்ட உத்தியோகத்தரிடம் மேன்முறையீடு செய்ய 14 நாட்கள். அவர் மூன்று வாரங்களுக்குள் தீர்மானம் தர வேண்டும். அதுவும் பலன் தராவிட்டால் ஆணைக்குழுவுக்குப் போக இரண்டு மாதங்கள். ஒவ்வொரு கட்டத்திலும் புதிய இறுதித் திகதி. நாள் கடந்துவிட்ட அட்டையின் திகதி சிவப்பாகத் தெரியும்.

ஒரு நிரலில் எத்தனை அட்டைகள் இருக்கலாம் என்று எல்லையும் வைக்கலாம். நான் “எழுத வேண்டியவை” நிரலுக்கு ஐந்து என்று வைத்திருக்கிறேன். ஆறாவது வந்தால் பலகை எச்சரிக்கும். கொப்பி இதைச் செய்யாது, எவ்வளவு எழுதினாலும் வாங்கிக்கொள்ளும்.

ஒரு குறை. இந்த அமைப்பு கைபேசியைப் போல அலாரம் அடிக்காது. மின்னஞ்சல் நினைவூட்டலுக்குத் தனியாக அமைக்க வேண்டும். அதனால் காலைத் தேநீரோடு பலகையைத் திறந்து பார்க்கும் பழக்கம் தேவை.

கைபேசியிலும் பார்க்க

வீட்டு வைபையில் இணைந்திருக்கும் எந்தக் கைபேசியிலும் இதே பலகையைத் திறக்கலாம். விண்டோஸ் அமைப்புகளில் வைபை விபரங்களுக்குள் ஐபிவி4 முகவரி இருக்கும். பெரும்பாலும் 192.168 என்று தொடங்கும். 127.0.0.1க்குப் பதிலாக அதைக் கைபேசியின் உலாவியில் அடிக்க வேண்டும். விண்டோஸ் தீயரண் அனுமதி கேட்டால், தனியார் வலையமைப்புக்கு மட்டும் கொடுங்கள். அந்த முகவரி சில நாட்களில் மாறக்கூடும். மாறாமல் நிறுத்தி வைக்க ரவுட்டரின் அமைப்புகளில் வழி உண்டு.

வீட்டுக்கு வெளியிலிருந்து பார்க்க ஆசை வரும். ரவுட்டரில் வாசலைத் திறந்துவிடச் சொல்லும் காணொளிகள் யூடியூப்பில் நிறைய இருக்கின்றன. அதைச் செய்யாதீர்கள். எக்ஸாம்ப் நிரலாளர்கள் பரீட்சித்துப் பார்ப்பதற்காக உருவாக்கப்பட்டது, இணையத்தில் பொதுவெளிக்குத் திறந்துவிட அல்ல. அவசியம் என்றால் டெயில்ஸ்கேல் போன்ற தனிப்பட்ட வலையமைப்புச் செயலியைக் கணினியிலும் கைபேசியிலும் நிறுவலாம். அது உங்கள் கருவிகளை மட்டும் குறியாக்கத்துடன் இணைக்கும். ஆனால் இணைப்பை ஒழுங்குபடுத்துவது ஒரு நிறுவனம் என்பதையும் தெரிந்துகொண்டே பயன்படுத்த வேண்டும். என்னைக் கேட்டால், வெளியே போகும்போது அன்றைய அட்டைகளை ஒரு துண்டுத் தாளில் எழுதிக்கொண்டு போவேன்.

மின்சாரமும் மின்கட்டணமும்

இங்கே பலத்த மழை பெய்தால் மின்கம்பியில் கிளை விழும். 2022இன் மின்வெட்டுகளை யாரும் மறந்திருக்க மாட்டோம். 2025 பெப்ரவரி 9ஆம் திகதி பாணந்துறை உபநிலையத்தில் ஏற்பட்ட கோளாறால் நாடே இருளில் மூழ்கியதும் நினைவிருக்கும். மேசைக் கணினியை விட மடிக்கணினி நல்லது என்பது இதனால்தான். அதன் மின்கலம் திடீர் நிறுத்தத்திலிருந்து தரவுத்தளத்தைக் காப்பாற்றும். மின்கலம் செத்துப்போன மடிக்கணினிக்கு இந்த நன்மை இல்லை.

இரவு பகல் இயக்க வேண்டுமா என்பதையும் கணக்குப் பார்க்க வேண்டும். சும்மா இருக்கும் பழைய மடிக்கணினி 20 வாட் எடுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரு நாளைக்கு 0.48 அலகு. 30 நாட்களுக்கு 14 அலகுக்குச் சற்று மேல். தொகை சிறியதாகத் தெரியும். ஆனால் நம் வீட்டு மின்கட்டணம் 30, 60, 90 அலகுகள் என்று படிப்படியாக ஏறுவது. 55 அலகில் நிற்கும் வீடு 69க்குப் போனால் அடுத்த படிக்கு ஏறிவிடும். தனியாள் பயன்படுத்துவதென்றால் வேலை செய்யும் நேரத்தில் மட்டும் இயக்கினால் போதும். பலர் பயன்படுத்தும் சங்கம் என்றால் 5 வாட் அளவில் ஓடும் ராஸ்பெரி பை போன்ற சிறு கணினியைப் பற்றி யோசிக்கலாம். மாதத்துக்கு 3.6 அலகு.

காப்புப் பிரதி இல்லையென்றால் தொடங்கவே வேண்டாம்

2023 ஓகஸ்ட் 26ஆம் திகதி இலங்கை அரசாங்கத்தின் மேகக் கணினி அமைப்பு கப்பம் கோரும் தீநிரலின் தாக்குதலுக்கு உள்ளானது. அமைச்சரவை அலுவலகம் உட்பட ஏறத்தாழ 5,000 அரச மின்னஞ்சல் முகவரிகள் பாதிக்கப்பட்டன. மே 17 முதல் ஓகஸ்ட் 26 வரையான மின்னஞ்சல்கள் இழக்கப்பட்டன. அந்தக் காலத்துக்குக் காப்புப் பிரதி இருக்கவில்லை. பயன்பாட்டில் இருந்தது, அந்த ஆண்டு ஏப்ரலிலேயே ஆதரவு முடிந்துபோன 2013ஆம் ஆண்டு மென்பொருள் பதிப்பு.

ஓர் அரசாங்கத்துக்கு நடந்தது யட்டவத்தயில் ஒரு வீட்டுக்கு நடக்காது என்று எப்படிச் சொல்வது? மடிக்கணினியின் வன்தட்டு எந்த நாளிலும் நின்றுபோகலாம். கான்போர்ட்டில் இதற்கான வேலை மிகச் சிறியது. வாரத்துக்கு ஒரு முறை அப்பாச்சியை நிறுத்துங்கள். கான்போர்ட் கோப்புறைக்குள் இருக்கும் டேட்டா கோப்புறையை அப்படியே பென் டிரைவுக்குப் பிரதி எடுங்கள். பிரதியின் பெயரில் அன்றைய திகதியைச் சேருங்கள். பழையதன் மேல் புதியதை எழுதாதீர்கள்.

பழைய விதி ஒன்று இருக்கிறது. மூன்று பிரதிகள், இரண்டு வகையான சாதனங்கள், ஒன்று வேறு இடத்தில். நான் ஒரு பென் டிரைவை அக்காவின் வீட்டில் வைத்திருக்கிறேன். பென் டிரைவ் தொலைந்தால் அதிலுள்ள பெயர்களும் தொலைந்தவர் கையில் போய்விடும் என்பதால், வெராகிரிப்ட் என்ற இலவச மென்பொருளால் அதைப் பூட்டியிருக்கிறேன். மடிக்கணினியைத் திருத்தக் கொடுக்கும்போதும் இதே கவனம் வேண்டும்.

மூன்று மாதத்துக்கு ஒரு முறை அந்தப் பிரதியை வேறொரு கணினியில் திறந்து பாருங்கள். திறந்து பார்க்காத காப்புப் பிரதி வெறும் நம்பிக்கைதான். புதிய பதிப்பு வந்தால் அதை விரித்து, பழைய டேட்டா கோப்புறையை அதற்குள் பிரதி எடுத்தால் போதும். ஆனால் அதற்கு முன்னரும் ஒரு காப்புப் பிரதி.

யாருக்கு இது வேண்டாம்?

கடைக்கு வாங்க வேண்டிய சாமான் பட்டியலுக்கு இதெல்லாம் தேவையில்லை. வீட்டில் வேறு யாருக்கும் இதை இயக்கத் தெரியாது, நீங்களோ அடிக்கடி வெளியூர் போகிறவர் என்றால், சங்கத்தின் பட்டியலை இதில் வைப்பது ஆபத்து. கொப்பியைச் செயலாளர் கையளித்துவிட்டுப் போகலாம். கணினியையும் அப்படிக் கையளிக்க, கடவுச்சொல்லை உறையிலிட்டு ஒட்டித் தலைவரிடம் கொடுத்து வைக்க வேண்டும். இன்னொருவருக்கு ஒரு மாலையாவது சொல்லிக்கொடுக்க வேண்டும்.

அங்கத்தவர்களின் விபரங்களை வைத்திருப்போர் 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டத்தையும் ஒரு முறை வாசிக்க வேண்டும். முற்றிலும் வீட்டுத் தேவைக்கான தரவுகளுக்கு அது விலக்களிக்கிறது. ஒரு சங்கத்தின் பட்டியல் வீட்டுத் தேவை ஆகாது.

பெரிய நிறுவனங்களின் பாதுகாப்பு ஏற்பாடுகள் என்னுடைய மடிக்கணினியை விடப் பலமானவை என்பதை மறுக்க மாட்டேன். நான் வாங்கிக்கொண்டது பாதுகாப்பை அல்ல, பொறுப்பை. அப்பா அலுமாரியைப் பூட்டிவிட்டுச் சாவியைத் தலையணைக்குக் கீழே வைத்தார். வெள்ளிக்கிழமை இரவுகளில் நான் டேட்டா கோப்புறையைப் பிரதி எடுக்கிறேன். இரண்டு நிமிட வேலை. அதைச் செய்ய மனமிருந்தால் இந்த வார இறுதியில் நிறுவிப் பாருங்கள். மனமில்லையென்றால் ஒரு சீ.ஆர். கொப்பி வாங்குங்கள். அதுவும் உங்கள் வீட்டில்தான் இருக்கும்.